நசுக்கிய பின் பத்து நிமிடம்

பூண்டுக்குள் காரம் இல்லை.
முழுப் பல்லை மோந்து பாருங்கள், ஊமை.
நசுக்கினால்தான்
தனித்தனி அறையில் கிடந்த இரண்டு
சுவர் இடிந்து சந்தித்துக்
காரமாகின்றன.
அதற்குப் பத்து நிமிடம் விட வேண்டும்.
தரமணி ஆய்வகத்தில்
என் கடிகாரம் அதற்குத்தான் ஓடுகிறது.

முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
யாரோ ஒருவர் வாயிலிருந்து
என்றோ எடுத்த செல்கள்
சாக மறந்து பெருகிக்கொண்டிருக்கின்றன.
ஞாபகப்படுத்துவது என் வேலை.
போன மாதம் மிளகாய்.
கடுகு ஒரு வாரம், சரிவரவில்லை.
இப்போது பூண்டு, சொட்டுச் சொட்டாக.

கண்ணாடி கழுவும் ஜெயசீலி
தினம் காலையில் கேட்பாள்,
"செத்துச்சா?"
"பாதி."
"மீதி?"
எலிப்பொறி வைத்த வீட்டில்
விசாரிக்கிற மாதிரி.

ஒரு வெள்ளிக்கிழமை கேள்வி மாறியது.
"அப்ப அவருக்குக் குடுக்கலாமா?"

அவர் என்றால் சவரிமுத்து.
காசிமேட்டில் விசைப்படகு.
மத்திக் குழம்பில் மிளகாய் பத்தலைன்னு
தட்டைத் தள்ளிய ஆள்.
இப்போது அடையாறில், மூணாவது மாடி வார்டில்,
கதிர் சுட்ட வாயோடு.
தண்ணீரே எரிகிறதாம்.
மோர்சாதத்தை மிக்ஸியில் அடித்து
ஸ்ட்ராவில் கொடுக்கிறாள்.

சொன்னேன்:
தட்டில் சாகும், ஜெயசீலி.
தட்டில் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகும்.
தட்டுக்குக் குடல் இல்லை, ரத்தம் இல்லை,
காரம் பட்டால் கத்துவதற்கு நாக்கு இல்லை.
இந்தத் தட்டிலிருந்து ஒரு ஆளுக்கு
எவ்வளவு தூரம் என்று
எனக்கே தெரியாது.
டாக்டர் கொடுப்பதை நிறுத்திடாதீங்க.

அவள் கழுவினாள்.
ரொம்ப நேரம், ஒரே தட்டை.

பிறகு, "கையக் குடு" என்றாள்.
மோந்தாள்.
"இன்னா சோப்பு போட்டும் போவல பாரு.
ஒரு பல்லு குடேன்.
வாய்க்கு இல்ல."
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
நசுக்காமல் கொடுத்தேன்.

திங்கட்கிழமை
செத்துச்சா என்று கேட்கவில்லை.
"பக்கத்துல வெச்சு நசுக்கினேன்.
மூக்கு விரிஞ்சுது.
பேச்சுதான் வர்லியே,
கையாலயே கேட்டாரு,
மத்தி எங்கடின்னு."
வாளியைத் தூக்கிக்கொண்டு
சிரித்தபடியே போனாள்.

என் நோட்டில்
இதற்குக் கட்டம் இல்லை.
பெட்டியைத் திறந்தேன்.
மிஞ்சிய பாதி
இரண்டு நாளில்
தட்டை நிறைத்திருந்தது.
புதிதாக ஒரு பல்லை எடுத்து
நசுக்கினேன்.
பத்து நிமிடம்.