உடைய

டான்யூப் கரையோரம் மட்டும் உறைந்திருந்த பிப்ரவரி.
ஊல்ம் நகரத்து அச்சுக்கூடத்தில்
மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறான் வெண்டெல்,
பிழை திருத்துபவன்.
தாளில் பிழை ஒன்றும் இல்லை.
அதுதான் தொல்லை.

தேவனுடைய நீதி.
இரண்டே சொல்.
தாம் நீதியாயிருந்து நம்மை நிறுக்கிறாரே, அதுவா?
நாம் நீதியாகும்படி நமக்குத் தருகிறாரே, அதுவா?
வேற்றுமை வாய் திறக்கவில்லை.
மடத்துப் பள்ளியில் அவனுக்கு
முதலாவதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
படுக்குமுன் அந்தச் சொல் காதில் விழுந்தால்
போர்வைக்குள்ளும் குளிரும்.

அடுத்த அறையில் ஒட்டீலியா புத்தகம் கட்டுகிறாள்.
கலைந்துபோன மடங்களின் தோல் ஏடுகளை
எடைக்கு வாங்கி
முதுகுக்கு ஒட்ட நறுக்குகிறாள்.
படிக்கத் தெரியாது அவளுக்கு.
ஓரத்தில் பொடி எழுத்து இருந்தால் மட்டும்
கத்திரி தயங்கும்:
"யாரோ கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதியது."
அப்படித் தப்பிய துண்டொன்று
பசை ஈரத்தோடு வெண்டெல் மேசைக்கு வந்தது.
ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆப்பிரிக்கக் கரையில்
எவனோ சொல்ல, எவனோ படியெடுத்தது:
நிறுக்கிற நீதி அன்று. போர்த்துகிற நீதி.
மீதி எங்கோ ஒரு புத்தகத்தின் முதுகில்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.
"புதிது என்று நாம் கூவி விற்பது
இவ்வளவு பழசா?"
முழுக்கப் பழசும் இல்லை, என்றான் வெண்டெல்.
பழைய ஆள் நம்பியது:
போர்த்தப் போர்த்த உள்ளே உடம்பும் மாறும்.
நம் பிரசங்கிகள் சொல்வது:
உடம்பு அதே பாவி உடம்பு;
தீர்ப்பில் மட்டும் நீதிமான்.
"இரண்டில் எது விற்கும்?" என்றார் முதலாளி.

அந்த வாரம்தான் ஈய எழுத்துகள் காணாமற்போயின.
மை பூசும் பையன் ஃபைட்
உருக்கித் தூண்டில்குண்டாக்கி
மீனவரிடம் விற்றிருந்தான்.
நகரசபைத் தராசு பொய் சொல்லவில்லை:
மூன்று பவுண்டு, கொஞ்சம் கூடுதல்.
அபராதம் கட்ட ஆளில்லை.
பகல் முழுக்கச் சந்தைத் தூணில்,
ஒற்றைச் சட்டையோடு.

நண்பகலில் வெண்டெல் வந்தான்.
ஒன்றும் பேசவில்லை.
மைக்கறை படிந்த தன் கம்பளி அங்கியைக் கழற்றி
பையன் தோளில் போட்டான்.
தடுக்க வேண்டிய காவலன்
ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபைட் நன்றி சொல்லவில்லை.
அன்றைக்குமில்லை, பிறகுமில்லை.
அங்கிப் பையில் கிடந்த இரண்டு காசையும்
அன்று மாலையே தின்று தீர்த்தான்.
குதிகால்வரை தொங்கும் அதை இழுத்துக்கொண்டு
அவன் தெருவில் போகும்போதெல்லாம்
ரொட்டிக்கடைக்காரி சொல்வாள்:
"வெண்டெலுடைய அங்கி போகிறது பார்."

தன்னுடையது என்கிறாள்,
தன்னிடம் இல்லாததை.
ஜன்னலோரம் இருமிக்கொண்டிருந்தவன்
இருமலை நிறுத்திக் கேட்டான்.
பிறகு மூன்று நாள் கேள்விக்குறிகளைச் சுரண்டி எடுத்து
வரியை அப்படியே அச்சுக்கு விட்டான்.

இதைத் தமிழில் எழுதும் எனக்கு ஒரு வசதி:
உடைய என்கிற சொல்லுருபுக்குள்ளேயே
ஓர் உடை மடித்து வைத்திருக்கிறது.
உடைவதும் இருக்கிறது, காது கொடுத்தால்.
அவன் மொழியில் அது இல்லை.
அவன் குளிர்ந்துதான்
வாசிக்க வேண்டியிருந்தது.