தவிர்க்க வேண்டியவை

போனே காணும் மிஸ் என்றான் இம்தாத்.
காணும்தான்.
போன வருசம் ஹாண்டிலில் பூட்டிய போனுக்குக்
கிறவல் றோட்டில் குலுங்கிக் குலுங்கிக்
கமராக் கண் கலங்கிப் போனது.
இப்போது அதில் எடுக்கிற மாடெல்லாம்
தண்ணீருக்குள் நிற்கிற மாடு.
பங்குனி வெயிலில் ஒருநாள்
சூடாகிவிட்டேன், ஆறவிடு என்று எழுதிவிட்டுக்
கறுத்தும் போனது.
பின்னால் கட்டிய நைதரசன் குடுவைக்குள்
விந்துக் குச்சிகள் உறைந்தபடி இருந்தன.
ஒரே சைக்கிளில் இரண்டு காலநிலை.

கல்முனைக் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல்
மூன்றை எடுத்து வைத்தான்.

முதலாவதுக்குக் கையகலத் திரை.
"மழைக்கு ஒண்டும் ஆகா."
அப்ப கொஞ்சம் தண்ணி தாங்க என்றேன்.
குடிக்கிற போத்தலையே நீட்டினான், தெளித்தேன்.
உள்ளே போகவில்லை, உண்மைதான்.
ஆனால் ஒரு துளி விரல் வைத்தது,
அடுத்த துளி ஓம் என்றது,
அம்பாந்தோட்டைக்கு வழி திறந்துவிட்டது.
மாரியில் நான் போகுமிடத்தை
மழை முடிவு செய்யும்.

இரண்டாவது பேசும்.
காதுக்குள் ஒரு பெண், நல்ல தமிழ்.
காக்காச்சிவட்டையை மட்டும்
இங்கிலீசு எழுத்தைக் கூட்டி வாசித்துக்
கக்கச்சி வட்டாய் என்றாள்.
நாங்கள் சிரித்து முடிய,
தவிர்க்க வேண்டியவை எவை என்று கேட்டாள்.

கட்டணச் சாலை. எங்கள் பக்கம் இல்லை.
செப்பனிடாத சாலை. அதைத் தவிர்த்தால் எனக்கு மாடே இல்லை.
படகுச் சேவை.
அதை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம்.
குருமண்வெளியில் சைக்கிளை ஏற்றி
மண்டூரில் இறக்கிவிடும் இரும்புத் தட்டுக்குப்
பெயரே பாதை.
பாதையைத் தவிர்க்கவா என்கிறாள்,
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப்போகிற பெற்றோலை
இவளா தருவாள்?

இன்னும் கீழே தள்ளித் தேடினேன்.
யானை என்று ஒரு கட்டம் இல்லை.

காலையில் கத்தத் தொடங்கிய பசுவுக்குப்
பின்னேரம்தான் சினைப்படுத்த வேண்டும். அது கணக்கு.
பின்னேரம்தான் அவையும் காட்டைவிட்டு இறங்கும்.
குறுகிய வழியா, விரைவான வழியா
என்று மட்டும் கேட்கிறாள்.
திரும்பி வருகிற வழியைப் பற்றி
ஒரு பேச்சும் இல்லை.

மூன்றாவது, பிஸ்கட் அளவு வட்டம்.
நாலு பொத்தான், கையுறையோடும் அமத்தலாம்.
வரைபடம் இல்லை, குரல் இல்லை.
ஓர் அம்புக்குறி, ஒரு தூரம், ஒரு வேகம்.
"இது றோட்டுக் காட்டாது மிஸ்,
மறுகா வந்து ஏசப்படாது."
காட்டாதுதான்.
யோகமலரும் காட்டமாட்டா.
வழி கேட்டால் நாடியை உயர்த்தி
அங்கால என்பா, அவ்வளவுதான்.
ஆனைவேலி வரும், மறிக்கும்,
வாய்க்கால் கட்டால் இறங்கிச் சுற்றுவேன்,
நாடி சொன்ன திசை மட்டும்
அப்படியே இருக்கும்.

பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
முன்னூறு குறைத்தான்.
குறைக்காவிட்டாலும் எடுத்திருப்பேன்,
அதை முகத்தில் காட்டவில்லை.

போகப் போக இடங்களைச் சேமித்தேன்.
ஆட்களின் பெயர் வைக்கவில்லை.
செவலை. கொம்பு முறிஞ்சது. உதைக்கிற வெள்ளை.
உதைக்கிற வெள்ளையை ஆவணியில் விற்றார்கள்.
அந்தப் புள்ளியை இன்னும் அழிக்கவில்லை,
அந்த வளவில் நல்ல தேத்தண்ணி தருவார்கள்.

இன்றைக்குச் செவலை. மணி நாலரை.
துறையைவிட்டுத் தட்டு விலகி
ஆற்றுக்குள் மெல்லத் திரும்ப,
அம்புக்குறியும் திரும்பிச்
செவலைக்கு நேரே நின்றது.
ஒன்பது தசம் இரண்டு. வேகம் நாலு.
தண்ணீரில் வருகிறாயே என்று
ஒரு கேள்வி கேட்கவில்லை.

போன் அடித்தது.
"மாடு அடங்கப் பாக்குது மிஸ், எங்க நிக்கிறீங்க?"
"பாதையில நிக்கிறன்."
"எந்தப் பாதை, றோட்டா?"
"இல்ல, பாதை."
"அப்ப சுணங்கும்" என்று
வைத்துவிட்டா.