சென்ற பன்னிரண்டு மாதங்களில்

ஒரு சொல்லுக்கே மூன்று மாதம் போயிற்று.
இழுப்பு என்று எழுதி அனுப்பினேன்.
பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி, கடலோர ஊரொன்றில்,
கேள்வித்தாளைத் திரும்ப ஆங்கிலமாக்கிய தமிழர்
வலிப்பு என்று புரிந்துகொண்டார்.
இரைப்பு என்றேன். ஓடி வந்த நாய்க்கும் இரைக்குமே என்றார்.
கணை என்றால் அம்பு.
கடைசியில்
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் எந்தத் தாயும் சொல்வதையே போட்டோம்:
வீசிங்.
ஆங்கிலத்தைத் தமிழாக்கப் போய்
ஆங்கிலத்துக்கே வந்து சேர்ந்ததற்கு
இரு தரப்பும் கையெழுத்திட்டோம்.

சோலூர்மட்டம் பள்ளி, தை மாதம்,
ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர்.
ஜன்னல் ஓட்டையில் ஒட்டிய அட்டையைத் தள்ளிக்கொண்டு
பனியும் வந்து உட்கார்ந்திருந்தது,
வருகைப் பதிவேட்டில் பெயரில்லாமல்.

வீட்டில் வளர்ப்பு விலங்கு உண்டா?
போஜன் கை தூக்கினான்:
"காட்டெருமை தினம் வாசலுக்கு வருது மிஸ், சேத்துக்கலாமா?"
உங்கள் தெருவில் லாரிகள் எத்தனை முறை செல்லும்?
தெருவே இல்லாதவர்கள்
ஒன்றும் கேட்காமல் எதையோ குறித்தார்கள்.
சமையலுக்கு என்ன எரிக்கிறீர்கள்?
கேஸ் என்பதற்குப் பெரிய டிக்,
விறகு என்பதற்குப் பக்கத்தில்
தப்பித் தவறி விழுந்தது போல் ஒரு புள்ளி.
நான் விளக்கக் கூடாது. தூண்டக் கூடாது.
உலகம் முழுக்க ஒரே குரலில் கேட்க வேண்டும்
என்பது விதி.

பிறகு படம்.
எந்த நாட்டுப் பையனோ, நீல ஸ்வெட்டர்,
நடுராத்திரியில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
கிணற்றுக் கயிறு போல் மூச்சை இழுக்கிறான்.
சென்ற பன்னிரண்டு மாதங்களில்
உன் மூச்சு இப்படி இருந்ததுண்டா?

கரண்ட் போயிற்று.
திரை வெறும் வேட்டியாயிற்று.
பையன் போய்விட்டான்.
அவன் மூச்சு மட்டும் போகவில்லை.

கடைசி பெஞ்ச். யோகமலர்.
தலை குனிந்து,
ரப்பரால் ஒருமுறை அழித்து,
பேப்பர் தூளை ஊதி — ஊதுவதற்கு இரண்டு முறை முயன்று —
'இல்லை' மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தாள்களை எண்ணி உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான்
எனக்குப் பேச அனுமதி.
"இது என்னம்மா சத்தம்?"
"இதுவா மிஸ்?
எங்க லைன்ல நெறய பேருக்கு உண்டு.
அப்பாவுக்கு இன்னும் பெருசா வரும்,
ஃபேக்டரில அவரு தூள் சலிக்கிற ரூம்.
படத்துல அந்தப் பையன் அழறான்.
நான் அழுததில்ல.
அதான் இல்லைன்னு போட்டேன்."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
அது ஆய்வில் சேராது.
என் பையில் என்னுடைய நீலக் குழல் இருந்தது.
இறங்கும் வழியில், பஸ் மூன்றாம் வளைவில் திணறும்போது,
எடுத்து இரண்டு முறை உறிஞ்சினேன்,
சன்னல் பக்கம் திரும்பி.

ஆவணியில் வரைபடம் வந்தது.
நாடு நாடாய் வட்டங்கள், சில ரத்தச் சிவப்பு.
எங்கள் மலைக்கு இளமஞ்சள்,
மிளகளவு.
"உங்களுக்கு நல்ல காற்று" என்று
கடலோரத்திலிருந்து ஒரு வரி வாழ்த்து.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
அடுத்த சுற்றில் ஒரு கேள்வி கூட்டலாமா:
உன் சாதாரண மூச்சு எப்படி இருக்கும்?
'சாதாரண'த்தில் நிற்கிறேன்.
அங்கே போய், ஆங்கிலமாகி,
அது என்னவாகத் திரும்பி வருமோ.