தண்ணீர் முறை

ஆர்வில் அல்ரெட்டின் முறை
இரவு இரண்டு பத்துக்குத் தொடங்கி
நாலரைக்கு முடியும்.
நாலரைக்கு மேல் என் முறை.
அவன் இடுப்பெலும்பு முறிந்து
பொக்கட்டெல்லோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.
மண்வெட்டியோடும் டார்ச்சோடும்
அவன் மடையில் நான்.

பொன் தகடுகளை நான் நம்பவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
அவனிடமும் முதலிலேயே சொன்னேன்,
எழுபத்தொன்பதில்,
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று:
வேதம் எழுதி முடிந்தாயிற்று,
லுத்தரன் சபையில் பிறந்தவன் நான்,
வேறு புத்தகம் வேண்டாம்.
முழுக்கக் கேட்டான்.
உன் வேலிக் கம்பி தளர்ந்திருக்கிறது என்றான்.
இடுக்கி எடுத்துவரப் போனான்.

என் மேஜையில் எனக்குக் காப்பி,
அவனுக்கு வெந்நீர்.
நாற்பது வருஷம்
வெறும் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்த மனுஷன்.
கேலி செய்திருக்கிறேன்.
என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பான்.
காப்பியை மட்டும் தொடமாட்டான்.

மாதத்தின் முதல் ஞாயிறு
அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.
சாப்பிடாத இரண்டு வேளையின் காசு
யார் வீட்டுக்கோ மாவாகப் போகும்.
யார் வீட்டுக்கு என்று கேட்டேன்.
தெரியாதே என்றாள் நெல்டா,
மறுநாளைக்குப் பட்டாணி உரித்தபடி.
கிருபையைப் பற்றி எங்கள் போதகர்
உருக்கமாகப் பேசுவார்.
நானும் உருகிக் கேட்பேன்.
வீட்டில் அப்போது
எனக்காக இறைச்சி வெந்துகொண்டிருக்கும்.

சிக்னே போன ஜனவரியில்
எங்கள் சின்னக் கோயிலின் பாதி பெஞ்சுகளில்
அவர்கள்தான் இருந்தார்கள்.
பாட்டு தெரியாமல் உதடு அசைத்தார்கள்.
ஒன்பது தட்டு உருளைக்கிழங்கு வந்தது,
ஒன்பதும் ஒரே ருசி.

வசந்தத்தில் ஆர்வில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் எடுப்பது எங்கள் வழக்கம்,
அவள் பெயரை எங்கள் ஆலயத்தில் எழுதட்டுமா?
அவள் ஒருமுறை நனைந்தவள், போதும் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
சரி என்றான்.
பிறகு கேட்டதே இல்லை.
அவள் பெயரை அவன் எழுதிய இடம் ஒன்றே ஒன்று:
அவள் கொடுத்த ஒட்டுக் கன்றில்
கம்பியால் கட்டிய தகரத் துண்டு.
"சிக்னே. சிவப்பு. புளிப்பு."

என் மகள் மேரன்
அவன் தம்பி மகனைக் கட்டிக்கொண்டாள்,
அவர்கள் மார்க்கத்திலும் சேர்ந்து.
லோகன் ஆலயத்துக்குள் கல்யாணம்.
பெற்ற அப்பன் வெளியே.
வெளியாட்களுக்கு அந்தக் கதவு திறக்காது.
அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை,
மன்னித்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.
புல்வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன்,
புதுச் செருப்பு கடித்தது.
உள்ளே போகவேண்டிய ஆர்வில்
பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
சட்டைப் பையில் அவன் அனுமதிச் சீட்டின் விளிம்பு தெரிந்தது.
போகலையா?
நெல்டா போயிருக்கிறாள் என்றான்.
அவள் பார்த்துச் சொல்வாள்.
ஒன்றேகால் மணி நேரம்
கிழங்கு விலையைப் பற்றிப் பேசினோம்.
விலை பேசிக்கொண்டே
ஒரு கைக்குட்டையை நீட்டினான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

நாலு இருபது.
என் வயலில் கிழங்கு இலை துவண்டு கிடக்கிறது.
பலகையை இப்போதே தூக்கினால்
பத்து நிமிடத் தண்ணீர் எனக்கு.
நாய்கூட விழித்திருக்கவில்லை.
நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.
நான் முதுகு பிடித்துப் படுத்திருந்த வருஷம்
அவன் என் மடையில் நின்ற இரவுகளை எண்ணிப் பார்த்தேன்.
எண்ணி முடியவில்லை.

தண்ணீர் அவன் கடைசிச் சாலுக்குள் நுழைகிறது,
மெதுவாக, நுனியில் நுரையும் வைக்கோலுமாய்.
கோடிச் செடியின் காலைத் தொடட்டும்.

தொட்டது.
நாலு முப்பத்திரண்டு.
இருக்கட்டும்.