ஆறு அங்குலம்

பதினெட்டு வருஷமாக என் கைக்குக்
குறைக்க மட்டும்தான் தெரியும்.
கிருதா, மீசை நுனி, பிடரி.
விழுந்ததைக் கூட்டி அள்ளினால் நாள் முடியும்.

திருப்பனந்தாள் கடைத்தெருவில்
'ஆண்கள் மட்டும்' என்று எழுதிய கதவைத் தள்ளிக்கொண்டு
மாதம் ஒருமுறை வருவாள் இமெல்டா,
பாய்கட்டிங்குக்கு.
"காதுக்கு மேல மிஷின் போடுங்க, வேர்க்குது."
போன மாதம் மடியில்
ஒரு கேரிபேக்கைப் பிரித்தாள்.
உள்ளே முடி,
சுருண்டு தூங்கும் கீரிப்பிள்ளை மாதிரி.

"மீன்சுருட்டியில காதுகுத்துக் கச்சேரி.
பழைய பாட்டு மட்டும்தான் வேணுமாம்.
பாட்டு இருக்கு. கொண்டை இல்ல."
போனில் கறுப்புவெள்ளையில் ஒரு பெண்:
நெற்றியிலிருந்து எழும்பிப் பின்னால் சரியும் கோபுரம்,
காதோரம் கேள்விக்குறியாய் ஒரு சுருள்.
"ஆறு அங்குலமாவது எழும்பணும்."

குடத்தைக் கவிழ்த்து மாட்டினேன்.
சூட்டுக்கோல் வைத்தேன்.
ஒரு பிடி உருகி
வெல்லப்பாகாய் இழுபட்டது.
அதற்கப்புறம்தான் அட்டையைப் படித்தேன்,
அது முடியே இல்லையாம்.

வெந்நீர்தான் வழி.
ஒயரிங் குழாயைத் துண்டுபோட்டுச் சுற்றி,
சைக்கிள் டியூப் ரப்பர் மாட்டி,
ஊற்றி,
விடியும்வரை தொடாமல் இருக்க வேண்டும்.
நான் தொட்டேன். நூடுல்ஸ்.
விறைக்கட்டும் என்று கஞ்சி தடவினேன்,
உதிர்ந்தது பொடுகு.
சர்க்கரைத் தண்ணீர் தடவிய ராத்திரி
எறும்புகள் வரிசைகட்டி
வகிடெடுத்து வைத்திருந்தன,
எனக்கு வராத நேர் வகிடு.

முறைக்குக் காத்திருந்த
உரமூட்டை செல்லக்கண்ணு கேட்டான்:
"ஏண்ணே, குடத்துக்குக் கல்யாணமா?"

சீப்பை நுனியிலிருந்து வேருக்குத் தள்ள வேண்டும்.
இப்படிச் சீவினால் எந்த அம்மாவும்
முதுகில் ஒன்று வைப்பாள்.
சிக்கெடுத்தே பழகிய விரல்
சிக்குப் போடக் கூசியது.
ஆனால் சிக்குதான் தூண்.
மேலே ஒரு படலத்தை மட்டும் படியவிட்டால்
உள்ளே நடக்கும் கலவரம்
வெளியே தெரியாது.
ஒன்பதாம் நாள் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
ஐந்தே முக்கால்.
ஊசி இருபத்துநாலு.

ஆனிக் காற்று. கொள்ளிடத்துக்கு அக்கரையில்
ஜெனரேட்டர் புகைக்கு நடுவே பாடினாள்.
என்ன பாடினாள் என்று கேட்காதீர்கள்.
நான் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேல் ஸ்தாயிக்கு அவள் தலை சாய்த்தபோது
ஓர் ஊசி தெறித்துத்
தபேலாக்காரர் மடியில் விழுந்தது.
மிச்சம் இருபத்துமூன்று.
நின்றது.

மேடைக்குப் பின்னால் அதைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
ஒரு சொம்புத் தண்ணீரை உச்சியில் ஊற்றிச்
சிலிர்த்தாள் ஆட்டுக்குட்டியாய்.
"யப்பா! அந்தக் காலத்துல எப்படித்தான் தூங்குனாளுகளோ."

திரும்பும்போது அணைக்கரைப் பாலத்து முனையில்
டார்ச் விழுந்தது.
"யோவ், டேங்க் மேல யாரு தலை?"
"குடம் சார்."
நம்பவில்லை.
வெளிச்சம் நெற்றிப் புடைப்பில் ஏறி,
உச்சியில் நின்று,
சுருளில் இறங்கி, மறுபடியும் ஏறியது.
மதகில் தண்ணீர் இரைந்தது.
எதிர்ச்சாரியில் மணல் லாரிகள் ஹாரன் அடித்தன.
அவர் தொப்பியைக் கழற்றினார்,
முன்னந்தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை கடை உண்டா?"