வெள்ளிக்கிழமைக் கணக்கு

பயிற்சிநூல்களுக்கு வாக்கியக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு.
ஊபியில் ஆறாம் மாடி,
ஜன்னலைத் திறக்க முடியாத அலுவலகம்.

என் கணக்குகளில்
யாரும் அரை முட்டை வாங்குவதில்லை.
ஜூன் வெய்யும் ரொஸ்னாவும் தேவனும்
நாற்பத்தெட்டு ஸ்டிக்கர்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள்,
சண்டை வராது.
அப்பாவின் வயது எப்போதும்
மகனுடையதைப்போல் மூன்று மடங்கு.
ஆறு வருடம் கழித்து என்ன ஆகுமென்று
முன்பே முடிவு செய்திருப்பேன்.
விடையை மடியில் கட்டிக்கொண்டுதான்
கேள்வியைத் தேடிப் போவது.

மிஸ் குவெக் ஓரத்தில் எழுதியிருந்தார்:
எண்பது காசுக்குக் கோப்பியா?
எந்தக் கடையில், எந்த வருஷத்தில்?

நெய்னா பாய் ரசீது தருவதில்லை.
விலைப்பலகையை எண்ணெய்ப் புகை தின்றுவிட்டது.
கேட்டால் சொல்லிவிடுவார்தான்.
தொழில் புத்தி, கேட்கவில்லை.

திங்கள்: மூன்று கோப்பி, இரண்டு முட்டை பரோட்டா,
எட்டு வெள்ளி நாற்பது.
புதன், அலுவலகத்துக்குக் கட்டி வாங்கியது:
இரண்டு கோப்பி, ஐந்து பரோட்டா,
பதின்மூன்று வெள்ளி முப்பது.

மேலதை இரண்டால் பெருக்கு, கீழதை மூன்றால்.
கழி.
கோப்பி காணாமல் போகிறது.
மிச்சம் பதினொரு பரோட்டா, இருபத்துமூன்று வெள்ளி பத்து.
ஆக ஒன்று, இரண்டு பத்து.
கோப்பி, ஒன்று நாற்பது.
டிஷ்யூ தாளில் இரு கோடுகளும்
சுத்தமாக வெட்டிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை மழை.
ஏழாம் வார்டிலிருந்து நேராக வந்திருந்தேன்,
பார்வையாளர் ஸ்டிக்கர் இன்னும் சட்டையில்.
ஒரு கோப்பி, ஒரு பரோட்டா.
மூன்று ஐம்பதை எண்ணி வைத்தேன்.
"மூணு போதும்" என்றார்.
மாவு ஒட்டிய விரலால்
ஐம்பது காசை என் பக்கம் தள்ளிவிட்டு
அடுத்த ஆளின் தட்டை எடுத்தார்.

மூன்றாவது கோடு
மற்ற இரண்டும் சந்தித்த இடத்தைத் தொடாமல் போகிறது.
இப்படிப்பட்ட தொகுப்புக்குத் தீர்வு இல்லை என்று
போன வருடப் பதிப்பின் விடைப்பகுதியில்
நானேதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

முதல் இரண்டு சமன்பாடுகளை மட்டும் அனுப்பினேன்.
விலை சரி, என்று பச்சை மையில் வந்தது.
மற்றது கைப்பையின் சிறு அறையில் கிடந்தது,
சமக்குறிக்கு எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்.

செவ்வாய், ஸ்டிக்கர் இல்லாமல் போனேன்.
ஒரு கோப்பி.
ஒரு வெள்ளி வைத்தேன்.
"இன்னும் நாப்பது காசு" என்று
கை நீட்டி வாங்கிக்கொண்டார்.