பதினேழு விநாடி

பணி விபரம் கேட்கிறார்கள்,
நிலையத்தின் ஆண்டு மலருக்கு, ஒரு பக்கத்துக்குள்.
சேர்ந்த திகதி எழுதிவிட்டேன்.
தயாரிப்பாளர் தரம் இரண்டு, பிறகு ஒன்று.
ஓய்வு. அதன்பின் திருநெல்வேலியில்
இதழியல் வருகை விரிவுரையாளர்,
கிழமைக்கு ஆறு மணித்தியாலம்.

இதில் பிளேட் எங்கே வரும்?
சவர பிளேட், ஒரு பக்கம் பிளாஸ்டர் சுற்றியது.
நாடாவைச் சரித்து வைத்து
மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவில் இழுப்பேன்.
இருமல், "வந்து... வந்து...", நாய்க் குரைப்பு,
பெற்றோமக்ஸ் இரைச்சல்
எல்லாம் மேசை விளிம்பில் தொங்கும்,
காயப்போட்ட சாவாளைகள் மாதிரி.

பாசையூரில் ஒருநாள்
திரேசம்மாவிடம் கேட்டேன்,
மகன் கடலுக்குப் போன அன்றைக்கு என்ன நடந்ததென்று.
அவ மைக்கைப் பார்த்தா.
வலை பொத்தும் ஊசி நூலோடு நின்றது.
ஒரு காகம்.
தூரத்தில் எஞ்சின் சத்தம், கிட்ட வந்து, வராமல்.
பிறகு சொன்னா:
"அண்டைக்கு நான் புட்டு அவிச்சனான்."

நிகழ்ச்சி பதினைந்து நிமிடம்.
பதினேழு விநாடி கூடிப்போச்சு.
கேள்வியையும் புட்டையும் ஒட்டினேன்.
ஒட்டுத் தெரியவில்லை. மேலதிகாரி மெச்சினார்.
ஊர் முழுக்கக் கேட்டது:
மகனைப் பற்றிக் கேட்டால்
டக்கென்று புட்டைப் பற்றிச் சொல்லும் ஒரு மனுசியை.

அவவும் கேட்டாவாம், பக்கத்து வீட்டில்,
யாரோ சைக்கிள் டைனமோ சுற்ற.
"நான் அப்பிடியே கதைச்சனான்?"
என்றதோடு எழும்பிப் போனாவாம்.

வெட்டிய துண்டு குப்பைக்குப் போனது.
ஆகவே முதல் வகுப்பில் போட்டுக் காட்ட
என்னிடம் ஒன்றுமில்லை.
கணினியை மூடச் சொல்லிவிட்டு
மணிக்கூட்டைப் பார்க்கிறேன்.
மின்விசிறி. வெளியே பஸ் ஹோன்.
ஐந்தில் ஒருவன் சிரிக்கிறான்.
பதினொன்றில் ஒருத்தி பேனையை மூடுகிறாள்.
பதினைந்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

"மிஸ், இது சோதனைக்கு வருமோ?"
என்றான் நிதுர்ஷன்.
வராது.

நேற்று மலர்க்குழுவிலிருந்து அழைப்பு.
கொஞ்சம் நீண்டுபோச்சாம்.
"அந்தப் பாசையூர்ப் பகுதியை எடுக்கலாமோ?
அது பணி விபரம் இல்லைத்தானே."

எடுங்கோ, என்றேன்.
ஒட்டு மட்டும் தெரியட்டும்.